சூடு தெரியாத கால்

நம் வயதில் இரண்டு பேர் எங்காவது சந்தித்துக்கொண்டால், பிள்ளைகள் சௌக்கியமா என்று கேட்பதற்கு முன்னால், "உங்களுக்கு எவ்வளவு?" என்றுதான் கேட்கிறோம். எது எவ்வளவு என்று யாரும் விளக்குவதில்லை. சாப்பாட்டுக்கு முன் இவ்வளவு, பின் இவ்வளவு என்று பதில் வந்துவிடுகிறது. மாத்திரை, காலை நடை, எந்தக் கடைச் செருப்பு காலுக்கு மெத்தென்று இருக்கிறது என்பதுவரை பேச்சு நீளும். அந்தப் பேச்சில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் கால் என்ற சொல் வந்தவுடன் நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வேன். சர்க்கரையை ஒரு வியாதியின் பெயராக யாருமே கேட்டிராத ஊரில், எழுத்துத் தெரியாத ஒரு பெண்பிள்ளை ஒரு காலைக் காப்பாற்றினாள். அவள் என் அம்மா. அந்தக் கால் என் நைனாவுடையது.

எங்கள் ஊர் திருக்கழுக்குன்றத்துக்கும் கடலுக்கும் நடுவில். மேற்கே திரும்பினால் மலைக்கோயில் கோபுரம் தெரியும். கிழக்கே உப்புக் கால்வாய், அதைத் தாண்டினால் சவுக்குத் தோப்பு, அப்புறம் கடல்தான். நைனாவுக்கு ஏரித் தண்ணீரில் கொஞ்சம் நெல்லும் மேட்டில் வேர்க்கடலையும் உண்டு. ஆனால் அவர் மனசெல்லாம் சவுக்கில்தான். கடலோரத் தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்து, வெட்டி, வண்டியில் கால்வாய்க் கரைக்குக் கொண்டுவந்து, மெட்ராஸ் போகும் படகுகளில் ஏற்றுவார். ஊரில் அவர் அளவுக்கு நெஞ்சு அகலம் உள்ள ஆள் கிடையாது. ஒரு ஆள் தூக்கத் திணறும் கட்டையை அவர் தோளில் போட்டுக்கொண்டு பேசியபடியே நடப்பார்.

நயா பைசா வருவதற்கு முந்தின கோடை அது. நான் நான்காம் வகுப்பு முடித்திருந்தேன். அந்தக் கோடையில் நைனா இளைத்துக்கொண்டே வந்தார். வேட்டி இடுப்பில் நிற்காமல் அரைஞாண் கயிற்றில் சொருகிக்கொண்டார். தோளெலும்பு மேலே வந்துவிட்டது. தண்ணீர், தண்ணீர், எந்நேரமும் தண்ணீர். வண்டியில் வைக்கோலுக்கு நடுவில் ஒரு பானை, வயலுக்குப் போனால் தோளில் ஒரு கூஜா. இத்தனைக்கும் எங்களிடம் ஒரு காரணம் தயாராக இருந்தது. அந்த வருஷம் நைனா திரௌபதி அம்மனுக்குத் தீ மிதிப்பதாக வேண்டிக்கொண்டிருந்தார். எனக்காகத்தான். முந்தின வருஷம் ஒரு காய்ச்சலில் மூன்று நாள் கண் திறக்காமல் கிடந்தேனாம். பிழைத்துக்கொண்டால் குண்டம் இறங்குகிறேன் என்று அம்மனிடம் சொல்லிவிட்டார்.

ஒரு மண்டல விரதம். பகலில் ஒரு வேளைதான் சோறு. மற்ற வேளைக்கெல்லாம் பானகம். அம்மா வெல்லத்தைத் தட்டிக் கரைத்து, எலுமிச்சம்பழம் பிழிந்து, சுக்கும் ஏலமும் பொடித்துப் போட்டுப் பெரிய செம்பில் கொண்டுவந்து கொடுப்பாள். அவர் ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னும் கேட்பார். "விரதத்துல மனுசன் இப்பிடி எளைச்சுப் போறாரே" என்று அடுத்த செம்பில் இன்னொரு கட்டி வெல்லம் விழும். அந்தப் பானகத்தின் வாசனை இன்றும் என் மூக்கில் இருக்கிறது. 

இன்னொன்றும் பார்த்தேன். கொல்லையில் நைனா ஒண்ணுக்குப் போகும் வேப்பமரத்தடியில் ஒருநாள் காலையில் அம்மா குந்திக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டெறும்பு சாரை சாரையாக வந்து அந்த ஈர மண்ணை மொய்த்திருந்தது. "இன்னாம்மா பாக்கற?" என்றேன். "ஒண்ணியும் இல்ல. பானகம் கீனகம் சிந்திச்சா இங்க?" என்று கேட்டாள். நான் இல்லையென்றேன். அவள் எழுந்து போய்விட்டாள். ஆனால் மறுநாளும் வந்து பார்த்தாள். அதற்கு மறுநாளும்.

விரதத்தின் நடுவில் ஒருநாள் நைனா என்னை மாபலிபுரம் பக்கத்துத் தோப்புக்கு வண்டியில் கூட்டிப்போனார். வெட்டு முடிந்ததும், கடல் பார்க்க வேண்டும் என்று நான் அடம் பிடித்தேன். உச்சி வெயில். சவுக்கு நிழல் முடிந்த இடத்தில் மணல் தொடங்கியது. நான் நாலு எட்டு வைத்ததும் "சுடுது நைனா, சுடுது!" என்று குதித்தேன். அவர் சிரித்துக்கொண்டே என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, ஏதோ வரப்பில் நடப்பதுபோல நிதானமாக நடந்தார். கடற்கரைக் கோயில்வரை போய்த் திரும்பினோம். மீன் கூடையோடு எதிரே வந்த ஒரு அம்மா நின்று பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"இன்னா அண்ணாத்த, ஒத்தக் கால்ல செருப்பு மாட்டிகினு போற? இன்னொண்ண யாருக்குக் குடுத்துட்ட?"

நைனா குனிந்து பார்த்தார். இடது காலில் தோல் செருப்பு இருந்தது. வலது கால் வெறுங்காலாகக் கொதிக்கிற மணலில் புதைந்திருந்தது. எங்கே கழன்றது என்று அவருக்குத் தெரியவில்லை. திரும்பி நடந்து தேடினோம். அலையடிக்கும் இடம்வரை தேடினோம். கிடைக்கவில்லை.

"சுடலையா நைனா?" என்று கேட்டேன்.

"ஒரு மாசமா எந்தச் சூடும் தெரியல கண்ணு. அம்மன் எறங்கிட்டா கால்ல" என்றார். குரல் நடுங்கியது. பயத்தில் இல்லை, சந்தோஷத்தில். அன்று வழியெல்லாம் நான் வண்டியில் நின்றுகொண்டே வந்தேன். அம்மன் இறங்கிய காலுக்குச் சொந்தக்காரரின் மகள் உட்கார்ந்துகொண்டா வருவாள்?

தீமிதி நாள் வந்தது. சாயங்கால வெயில் மஞ்சளாகச் சாய்ந்திருந்தது. கோயிலுக்கு எதிரே இருபது அடிக் குண்டத்தில் நெருப்பைத் தணல் தணலாகப் பரப்பி, முறத்தால் விசிறிச் சாம்பலைப் பறக்கவிட்டார்கள். பம்பையும் உடுக்கையும் காதைப் பிளந்தன. மஞ்சள் வேட்டி கட்டியவர்கள் ஒவ்வொருவராக இறங்கி ஓடினார்கள். ஓட்டம்தான். நாலு பாய்ச்சலில் குண்டத்தைக் கடந்து, அந்தப்பக்கம் இருந்த பால்குழியில் காலை வைத்தார்கள்.

நைனா ஓடவில்லை. கரகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்தார். பாதிக் குண்டத்தில் நின்றார். நின்று, அம்மன் பக்கம் திரும்பி இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். கூட்டம் எழுப்பிய கோவிந்தா சத்தம் கால்வாய்வரை கேட்டிருக்கும். ஊர் நாட்டாமை கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் யார் தோளிலோ ஏறி நின்று, "எங்க நைனா! எங்க நைனா!" என்று கத்தினேன். அந்தக் கூட்டத்திலேயே கோவிந்தா போடாமல், கும்பிடாமல், அவர் காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவள் அம்மா ஒருத்திதான்.

பால்குழியில் காலை நனைக்காமலே வீட்டுக்கு வந்தவரை அவள் உட்காரவைத்துக் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். வலது காலில் சுண்டுவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவில் ஒரு கரித்துண்டு சொருகியிருந்தது. இன்னும் சூடு ஆறவில்லை. அதை அவள் விரலால் எடுத்தபோது அவள் விரல் சுட்டது. "ஸ்ஸ்" என்று கையை உதறினாள்.

"மாமா, இது இம்மாம் நேரமா கால்ல கீது. ஒனுக்குத் தெரியலையா?"

"இன்னாது?" என்றார் நைனா.

முதல் பத்து நாள் எங்கள் வீடு கோயில் மாதிரி இருந்தது. சுற்றுப்பட்டு ஊர்க்காரர்களெல்லாம் வந்து நைனாவின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். குழந்தைகளைக் கொண்டுவந்து அந்தக் காலடியில் கிடத்தினார்கள். நாட்டாமை மாலை போட்டு, அடுத்த வருஷம் முதல் கரகம் நைனாவுக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கட்டினாள். இடது கால் ஆறிக்கொண்டு வந்தது. வலது கால் விரலிடுக்கு மட்டும் ஆறவில்லை. முதலில் சிவந்தது, பிறகு நீலம் பாய்ந்தது, அப்புறம் வீட்டுக்குள் ஒரு வாடை வந்தது. ஊதுவத்தி ஏற்றினோம். ஊதுவத்தி வாசனைக்கு அடியில் அந்த வாடை இருந்துகொண்டே இருந்தது.

காலைத் தொட வருகிறவர்கள் குறைந்தார்கள். பக்கத்து ஊர் வைத்தியரை நாட்டாமையே கூட்டிவந்தார். வைத்தியர் ஒரு ஊசியை எடுத்து நைனாவின் பாதத்தில் குத்தினார். கண்ணை மூடிக்கொண்டிருந்த நைனா, "ஆவட்டும், குத்துங்க" என்றார். ஊசி ஏற்கனவே உள்ளே இருந்தது. வைத்தியர் எழுந்து கையைக் கழுவினார். நாட்டாமையைத் தனியே அழைத்துப் போய் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்பது சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

பெருவியாதி.

செங்கல்பட்டுப் பக்கம் பிறந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குஷ்டத்தைச் சொல்கிற அந்தச் சொல்லுக்கு அந்த நாளில் என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும். செங்கல்பட்டு ஏரிக்கு அந்தப்பக்கம் அதற்கென்றே பெரிய ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே போனவர்களைப் பற்றிப் பேச்சைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். மறுநாள் கிணற்றடியில் அம்மாவின் குடத்துக்குப் பக்கத்தில் யாரும் குடம் வைக்கவில்லை. நாவிதர் வரவில்லை. என்னோடு பாண்டி ஆடுகிற பெண், "எங்கம்மா வோணாம்னுச்சு" என்று சொல்லிவிட்டு ஓடினாள். வண்டிக்காரன் மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டுச் சொல்லாமல் நின்றுவிட்டான். காலைக் கண்ணில் ஒற்றிக்கொண்ட அதே ஜனம்தான்.

நாட்டாமை வாசலுக்கு வெளியே நின்றபடி சொன்னார். "ஊருக்குப் பொதுக் கெணறு கீது. கொயந்த குட்டிங்க கீது. தப்பா நெனச்சுக்காத. கொண்டுபோயி ஏரிக்கு அந்தாண்ட வுட்டுடு."

நைனா சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். தெய்வம் இறங்கிய கால் என்று நம்பியிருந்தவரிடம் ஒரே மாதத்தில் அது தீண்டத்தகாத கால் என்று சொன்னால் அவர் எதை நம்புவார்? ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அம்மா சொன்னபோது மட்டும் எழுந்து உட்கார்ந்தார்.

"வோணாம். இது அம்மன் குடுத்த காலு. டாக்டரு கத்தி வெக்கறதுக்கு இல்ல."

"அம்மன் குடுத்த காலுன்னா, அம்மன் அழுக வுடுவாளா?" என்றாள் அம்மா. "நான் ஒண்ணு சொல்லட்டா மாமா? எனக்கு இது பெருவியாதின்னும் தோணல, அம்மன்னும் தோணல. வேற இன்னாவோ கீது. எறும்பு வருது. எதுக்கு வருது? கேக்கணும் யாரையாவது."

மறுநாள் விடிந்ததும் மாட்டை அவளே பூட்டினாள். புடவையை வரிந்து கட்டிக்கொண்டு நுகத்தடிப் பக்கம் அவள் ஏறி உட்கார்ந்ததை ஊர் முழுக்க நின்று பார்த்தது. எங்கள் ஊரில் அதற்கு முன்னால் ஒரு பொம்பளை வண்டி ஓட்டி யாரும் பார்த்ததில்லை. வைக்கோல் மெத்தையில் நைனா. அவர் கால்மாட்டில் ஈ ஓட்டிக்கொண்டு நான். அம்மா பின்னால் திரும்பவில்லை. திருக்கழுக்குன்றம் தாண்டி, மலைகளுக்கு நடுவே போகிற சாலையில், மாட்டோடு பேசிக்கொண்டே ஓட்டினாள். பகல் சாய்வதற்குள் செங்கல்பட்டில், ஏரிக்கு இந்தப்பக்கம் இருந்த பொது ஆஸ்பத்திரி வாசலில் இருந்தோம்.

டாக்டர் வயதானவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்த காலை அவர் முகத்துக்கு அருகில் வைத்துப் பார்த்தார். முதுகு, முழங்கை, காது மடல் எல்லாவற்றையும் தடவிப் பார்த்தார்.

"தேமல் இல்ல, நரம்பு தடிக்கல. யாரு சொன்னது குஷ்டம்னு? அது இல்ல" என்றார்.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் நைனாவிடம் கேட்க ஆரம்பித்தார்.

"தண்ணி ரொம்பக் குடிப்பீங்களா?"

"எல்லாரையும் போலத்தான் சாமி" என்றார் நைனா.

"ஒரு நாளைக்கு ரெண்டு பான" என்றாள் தரையில் இருந்த அம்மா.

டாக்டர் அவளைத் திரும்பிப் பார்த்தார். "ராத்திரி ஒண்ணுக்கு எழுந்திருப்பீங்களா?"

"எப்பனா ஒரு தபா."

"ஏழு தபா. நான் முழிச்சுகினுதான் கீறேன்."

"உடம்பு இளைச்சிருக்கா?"

"வெரதம் இருந்தேன் சாமி, அதான்."

"வெரதத்துக்கு மின்னாடியே ரவிக்க தைக்கிறவங்கிட்ட குடுத்து இவரு பனியன ரெண்டு பக்கமும் புடிச்சேன்."

டாக்டர் நாற்காலியை நைனாவிடமிருந்து அம்மா பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். அது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. வெளியுலகத்திலிருந்து ஒரு பெரிய மனுஷர் என் அம்மாவைப் பார்த்துக் கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை.

"அம்மா, நீங்க சொல்லுங்க. இவர் ஒண்ணுக்குப் போற எடத்துல எறும்பு வந்துதா?"

அம்மா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். யாராவது அதைக் கேட்கமாட்டார்களா என்று இரண்டு மாதமாகக் காத்திருந்தாள்.

கம்பவுண்டர் ஒரு கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, நைனாவின் சிறுநீரில் எட்டுச் சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். நீலம் கலங்கியது. பச்சையானது, மஞ்சளானது, கடைசியில் செங்கல் கரைத்த தண்ணீர் மாதிரி நின்றது. "சர்க்கரை வியாதி. நீரிழிவு. பல வருஷமா உள்ள இருந்திருக்கு. இது நரம்பச் சாப்பிட்டுடும். அதனாலதான் கால்ல சூடு தெரியல, குத்தினா தெரியல. அடிபட்டா ஆறாது" என்றார் டாக்டர்.

"அப்ப பானகம்?" என்றாள் அம்மா.

"என்ன பானகம்?"

அம்மா சொன்னாள். டாக்டர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டார். பிறகு, "தெரியாமக் குடுத்தது. இனிமே தெரிஞ்சு குடுக்கப் போறீங்க" என்று மட்டும் சொன்னார். அவர் அதற்கு மேல் ஒரு சொல் சொல்லியிருந்தாலும் அம்மா அங்கேயே உடைந்து போயிருப்பாள்.

வலது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். இன்னும் பத்து நாள் தாமதித்திருந்தால் முழங்கால்வரை போயிருக்கும் என்றார்கள். ஒரு மண்டலம் அங்கே இருந்தோம். பகலில் ஆஸ்பத்திரி மரத்தடியில் அம்மா மூன்று கல் வைத்துச் சமைப்பாள். பினாயில் வாடை, ரயில் சத்தம், ஏரிக்காற்று. அந்த நாற்பத்தெட்டு நாளில் அம்மா ஒரு பள்ளிக்கூடம் முடித்தாள் என்றே சொல்வேன். கம்பவுண்டர் அவளை எலுமிச்சம்பழத்தில் இன்சுலின் ஊசி குத்தப் பழக்கினார். முதல் நாள் ஊசியை உடைத்தாள். ஐந்தாம் நாள் நைனாவின் தொடையில் போட்டாள். நைனா அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "முடிஞ்சிச்சா?" என்றார். "அப்பவே முடிஞ்சிச்சு" என்றாள்.

எழுத்துத் தெரியாததால் நிறங்களுக்கு அவளே பெயர் வைத்துக்கொண்டாள். நீலம் மாறாமல் நின்றால் மயில் கழுத்து. பச்சை என்றால் வாழைக்குருத்து. அப்புறம் மஞ்சக்கிழங்கு. கடைசியில் செங்கல். ஊருக்குத் திரும்பியபின் எங்கள் வீட்டில் காலையில் முதலில் எரிந்தது அடுப்பு அல்ல, ஸ்பிரிட் விளக்குதான். "இன்னிக்கு இன்னாம்மா?" என்று பாயிலிருந்தே கேட்பேன். "வாழக்குருத்து" என்பாள். ஈர மணலில் புதைத்த சட்டிக்குள் மருந்துப் புட்டியைக் குளிர வைத்திருப்பாள். சாயங்காலம் விளக்கு வைத்ததும் நைனாவின் இரண்டு காலையும் மடியில் வைத்துக்கொள்வாள். விரலிடுக்கு ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பாள். குதிகாலில் கீறல் இருக்கிறதா, முள் ஏறியிருக்கிறதா என்று தடவுவாள். கழுவி, துணியால் ஒற்றி, எண்ணெய் தடவுவாள். விரலிடுக்கில் மட்டும் எண்ணெய் படாது. டாக்டர் சொன்னது. வெறுங்காலோடு நைனா வாசப்படி தாண்டினால் போதும், ஊருக்கே கேட்கிற மாதிரி, "மாமா, செருப்பு!" என்று குரல் வரும். வெந்நீர் வைத்தால் அதில் தன் கையை விட்டுப் பார்த்த பிறகுதான் அவரைக் காலை வைக்க விடுவாள்.

பெருவியாதி இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்த காகிதத்தை நான்தான் நாட்டாமையிடம் படித்துக் காட்டினேன். கிணற்றடியில் குடங்கள் பழையபடி பக்கத்தில் வந்தன. அம்மா தன் குடத்தை எப்போதும் வைக்கிற இடத்தில் வைத்தாள். தண்ணீர் சேந்திக்கொண்டு வந்துவிட்டாள்.

அடுத்த வருஷத் தீமிதி நெருங்கியது. நாட்டாமை வெற்றிலை பாக்கோடு வந்தார். இந்தத் தடவை வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார்.

"மொத கரகம் ஒனுக்குத்தான். கால் முடியலன்னா சும்மா வந்து மரியாதைய வாங்கிக்க. எந்தங்கச்சி மவன் இந்த வருசம் எறங்கறான். ஒன்னாட்டமே நடுவுல நின்னு கும்புடறேன்னு வேண்டிகினு கீறான். ஊரெல்லாம் ஒம் பேச்சுதான்."

அவர் போனபிறகு நைனா வெகுநேரம் வெற்றிலைத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தங்கை மகனுக்கு இருபது வயசு. கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நல்ல கால், சூடு தெரிகிற கால்.

காப்புக் கட்டும் அன்று காலையில் கோயில் முன்னால் ஊர் கூடியிருந்தது. நாட்டாமை மாலையைக் கையில் எடுத்தபோது நைனா தடுத்தார். அங்கே கிடந்த பலிக்கல் ஓரமாக ஒரு மரப் பெட்டியின் மேல் வலது காலைத் தூக்கி வைத்தார். செருப்பைக் கழற்றினார். விரல் இல்லாத இடத்தை எல்லோரும் பார்த்தார்கள்.

"போன வருசம் நான் நெருப்புல நின்னேன். எல்லாரும் பாத்தீங்க. எனக்கு வலிக்கல. ஏன் வலிக்கலன்னா எங்காலு செத்துப் போயிருந்திச்சு. சக்கர வியாதி. ஒண்ணுக்குப் போன எடத்துல எறும்பு மொய்ச்சிச்சு. அது தெரியாம நானும் அம்மன்னு நெனச்சேன், நீங்களும் நெனச்சீங்க. அந்தப் புள்ள நிக்க வோணாம். ஓடட்டும். எல்லாரும் ஓடுங்க. சுடுதுன்னு தெரியுதே, அதான் அம்மன் குடுத்தது."

நாட்டாமை முகம் கறுத்தது. "இன்னா பேசற நீ? கோயில் வாசல்ல நின்னுகினு அம்மன் பேரக் கெடுக்கறியா?"

"அம்மன் பேரு எங்கால்ல நிக்கல நாட்டாம. சூடு சொரண இல்லாத காலு இது. இத்தக் கும்புட்டீங்க. அப்பால இத்தப் பாத்து ஓடனீங்க. எங்க வூட்ல சூடு சொரண இருந்தது ஒருத்திக்குத்தான். அவதான் வண்டி பூட்டனா."

கூட்டம் அம்மா பக்கம் திரும்பியது. அம்மா பெண்கள் நடுவில் தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் நான் அவள் கையைப் பிடித்திருந்தேன். அந்தக் கை என் விரல்கள் வலிக்கிற அளவுக்கு இறுகியது. ஊருக்கு முன்னால் சாமியாக இருந்திருக்கக்கூடிய மனுஷர், நான் நோயாளி என்று சொல்லிவிட்டு நின்றார். நெருப்பில் நின்றதைவிட அதற்குத்தான் நெஞ்சு வேண்டும் என்று எனக்குப் பத்து வயதிலேயே தெரிந்தது. முந்தின வருஷம் கத்தினேனே, "எங்க நைனா" என்று, அது அன்றைக்குக் கத்தியிருக்க வேண்டியது.

அந்தப் பையன் ஓடினான். கல்யாணத்துக்கு நல்ல காலோடு நடந்து வந்தான். நைனா தீமிதி அன்று குண்டத்தின் மறுகோடியில், பால்குழி ஓரமாக ஒரு மணையில் உட்கார்ந்துகொண்டு, ஏறி வருகிற ஒவ்வொருவரின் காலையும் பிடித்துப் பார்த்தார். "வலிக்குதா?" "வலிக்குது மாமா." "நல்லது, போ." அதற்கப்புறம் எத்தனையோ வருஷம் அந்த மணை அங்கே போட்டார்கள்.

ஒரு வாரம் கழித்து மதிய வேளையில் நாட்டாமை எங்கள் கொல்லைப்பக்கமாக வந்தார். வாசல் வழியாக வரவில்லை. அம்மா புளி உடைத்துக்கொண்டிருந்தாள். அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, தொண்டையைச் செருமினார்.

"அந்த... எறும்பு. எனக்கும் வருது."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவள் என்னவெல்லாம் கேட்டிருக்கலாம் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.  உள்ளே போய்க் கண்ணாடிக் குழாயையும் நீல மருந்தையும் எடுத்து வந்தாள். விளக்கை ஏற்றினாள். மூன்று பேரும் குழாயையே பார்த்தோம். மஞ்சக்கிழங்கையும் தாண்டிப் போய்விட்டது.

"செங்கல்" என்றாள் அம்மா. "பயப்படாதீங்கண்ணா. கால் ரெண்டும் நல்லாத்தான் கீது. நாளைக்கு வண்டி பூட்டச் சொல்றேன்."

மறுநாள் நைனாவே வண்டி ஓட்டி அவரைச் செங்கல்பட்டுக்கு அழைத்துப்போனார்.

நைனா அதற்கப்புறம் பத்தொன்பது வருஷம் இருந்தார். மெட்ராஸுக்குப் படகு போவது நின்று லாரி வந்ததைப் பார்த்தார். என் கல்யாணத்தைப் பார்த்தார், பேரப்பிள்ளைகளை மாபலிபுரம் மணலில் நடக்க வைத்தார், செருப்போடுதான். ஒரு மாசி மாதம் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. காலினால் அல்ல.

குளிப்பாட்ட எடுத்தபோது ஊர்ப் பெண்கள் சுற்றி நின்றார்கள். மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் காலைக் கழுவிய ஒரு பெரியம்மா கையை நிறுத்திவிட்டு, பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள். சேற்றிலும் மணலிலும் உழைத்த ஆள். எடுத்த இரண்டு விரல் போக, வெடிப்பு இல்லை, காய்ப்பு இல்லை, ஒரு கீறல் இல்லை.

"இன்னாடி இது," என்றாள் ஆச்சரியமாக. "பச்சப் புள்ள காலாட்டம் கீதே!"

அதுவரை சுவரில் சாய்ந்திருந்த அம்மா தலையை நிமிர்த்தினாள். தன்னைப் பற்றி அவள் பெருமையாகச் சொல்லி என் ஆயுளில் நான் கேட்டது அது ஒன்றுதான்.

"நான் பாத்துகினது" என்றாள்.